வைரஸை வைத்தே வைரஸைத் தடுப்பது: கேள்வி பதில்

கடுமையான வைரஸைத் தடுக்க, வீரியம் குறைந்த வைரஸை நாமே மரத்தில் ஏற்றுவதா? கேட்கவே பயமாக இருக்கிறது ஐயா. தடுப்பூசி மாதிரியா?

பயம் நியாயம்தான். ஆனால் தடுப்பூசி என்பது பாதிதான் பொருந்தும். நமக்கு உருவாவது போன்ற எதிர்ப்பொருள் செடிக்கு உருவாகாது. வீரியம் குறைந்த வைரஸ் மரத்துக்குள் உயிரோடு இருந்துகொண்டே இருக்க வேண்டும். முதலில் இடம்பிடித்த அது, பின்னால் வரும் தன் நெருங்கிய சொந்தத்தைப் பெருக விடாது. 1929-இல் மெக்கின்னி என்ற ஆராய்ச்சியாளர் இதைப் புகையிலையில் பார்த்தார்: வெளிர்பச்சைத் தேமல் வைரஸ் ஏற்கெனவே இருந்த செடியில் மஞ்சள் தேமல் வரவில்லை. தூரத்து உறவு வைரஸ் வந்தால் இந்தத் தடை பலிக்காது.

பெரிய அளவில் எங்கே பலித்தது?

பிரேசிலில். அங்கே ஆரஞ்சு மரங்களுக்கு வந்த நோயின் பெயர் டிரிஸ்டேசா. போர்த்துகீசியத்தில் 'சோகம்' என்று அர்த்தம். அசுவினிப் பூச்சி பரப்பும் வைரஸ் அது. கசப்பு ஆரஞ்சு வேர்ச்செடியில் (ஒட்டுக்கு அடியில் வேராக நிற்கும் செடி) ஒட்டிய மரங்கள் லட்சக்கணக்கில் பட்டுப்போயின. வேர்ச்செடியை மாற்றினார்கள், மரம் பிழைத்தது. ஆனாலும் 'பேரா' என்ற ஆரஞ்சு ரகத்தில் தண்டில் குழி விழுந்து காய் சிறுத்தது. அப்போது கோஸ்டா, முல்லர் என்ற ஆராய்ச்சியாளர்கள், நோய் முற்றிய தோப்புகளில் நன்றாக நின்ற மரங்களைத் தேடிப் போய், அவற்றிலிருந்த சாதுவான வைரஸ்களை எடுத்துச் சோதித்தார்கள். தேறியவை சிலவே. 1980-க்குள் அப்படிப் பாதுகாக்கப்பட்ட பேரா மரங்கள் 80 லட்சத்தைத் தாண்டின. ஒவ்வொரு மரத்துக்கும் தனியாக வைரஸ் ஏற்றத் தேவைப்படவில்லை. தாய்மரத்தில் ஒட்டுவதற்கு எடுக்கும் மொட்டான ஒட்டுக்கண்ணிலேயே அது கூடவே வந்துவிடும். வெற்றிக்கு முக்கியக் காரணம் இதுதான் என்பேன்.

எங்கள் எலுமிச்சையில் டிரிஸ்டேசா இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

இளம் இலையை வெயிலுக்கு நேராகப் பிடியுங்கள். நரம்புகளில் அங்கங்கே கண்ணாடி மாதிரி வெளிறிய கீற்றுகள் தெரியும். அப்புறம் விரல் தடிமனுள்ள கிளையில் பட்டையை உரித்து, கட்டையை விரலால் தடவிப் பாருங்கள். ஊசியால் குத்தியது போலக் குழிகள் இருக்கும். உரித்த பட்டையின் உள்பக்கம் அந்தக் குழிகளுக்குச் சரியாக முளைகள் நிற்கும். இலையில் கீற்று, கட்டையில் குழி இரண்டும் இருந்தால் சந்தேகம் பலமானது. உறுதிப்படுத்த ஆய்வகத்தில் வைரஸைக் கண்டறியும் எலிசா சோதனை வேண்டும்.

சுற்றிலும் மரங்கள் வாடியிருக்க, ஒரே ஒரு மரம் மட்டும் செழிப்பாக நிற்கிறது. அதில் கண் எடுத்து ஒட்டலாமா?

தயவுசெய்து அவசரப்படாதீர்கள். நீங்கள் பார்த்தது சரியான இடம்தான், பிரேசில்காரர்களும் அங்கேதான் தொடங்கினார்கள். ஆனால் அந்த மரத்தில் வைரஸே ஏறாமல் இருந்திருக்கலாம். அப்படியானால் அதன் கன்றுகளுக்கு எந்தக் காப்பும் இல்லை. ஒரே மரத்தில் பல வகை கலந்தும் இருக்கும். அசுவினி அதில் கடுமையானதை மட்டும் பிரித்துக் கொண்டுபோகலாம். எலுமிச்சையில் சாதுவாக இருப்பது சாத்துக்குடியில் மரத்தையே கெடுக்கலாம். கண்ணோடு வேறு நோயும் வரலாம். கன்றுகளில் ஒட்டி, கடுமையான வைரஸை வேண்டுமென்றே ஏற்றி, பல வருடம் காய்ப்பு பார்த்த பிறகே ஒரு வகையை நம்பலாம். பெங்களூரில் பாலராமனும் ராமகிருஷ்ணனும் 1970-களில் எலுமிச்சைக்கு இந்த வழியில் ஆராய்ந்தார்கள். அந்த மரத்தைக் குறித்துவைத்து, பக்கத்து ஆராய்ச்சி நிலையத்தில் காட்டுங்கள்.

பப்பாளி வளையப்புள்ளி நோய்க்கு இது உதவுமா?

முயன்று பார்த்தார்கள். ஹவாயில் கிடைத்த கடுமையான வைரஸை நைட்ரஸ் அமிலத்தால் மாற்றி, டென்னிஸ் கொன்சால்வஸ் குழு 1980-களில் ஒரு சாது வகையை உண்டாக்கியது. தைவானிலும் ஹவாயிலும் வயலில் சோதித்தார்கள். சுற்றிலும் நோய் அதிகமாக இருந்த இடங்களில் காப்பு உடைந்தது; சில ரகங்களில் சாது வகையே புள்ளி போட்டது. பப்பாளி விதையில் வளர்வது. வைரஸ் விதையில் வராததால், கன்று ஒவ்வொன்றுக்கும் கையால் ஏற்ற வேண்டும். ஆரஞ்சுக்குக் கிடைத்த வசதி இதற்கு இல்லை. கடைசியில் 1998-இல் ஹவாய் விவசாயிகள் மரபணு மாற்றிய 'ரெயின்போ' பப்பாளிக்குப் போனார்கள்.

சாத்துக்குடியில் வரும் பச்சையாதல் நோயையும் தடுக்குமா?

தடுக்காது. அது வைரஸால் வருவதல்ல, பாக்டீரியாவால் வருவது.