கூட்டுறவில் காய்கறி வாங்கினால் உண்மையிலேயே மிச்சமாகுமா?

கேள்வி: எங்கள் குடியிருப்பில் சில குடும்பங்கள் ஓர் உணவுக் கூட்டுறவில் சேர்ந்து காய்கறி, பழங்களை மொத்தமாக வாங்குகிறார்கள். கடை விலையைவிடக் கால் பங்கு குறைவு என்கிறார்கள். எங்கள் வீட்டில் மூன்று பேர்தான். நாங்களும் சேரலாமா?

பதில்: சேரலாம். ஆனால் விலைப்பட்டியலை மட்டும் பார்த்து முடிவு செய்துவிடாதீர்கள். கடைக்காரர் தன் கொள்முதல் விலைக்கு மேல் வைக்கும் தொகையில் வாடகையும் சம்பளமும் மட்டும் இல்லை, அழுகிப்போகும் சரக்கின் நட்டமும் சேர்ந்தே இருக்கிறது. வாடியதையும் அடிபட்டதையும் கழித்துவிட்டு நல்லதை அவர் உங்கள் முன்னால் வைக்கிறார். கூட்டுறவில் பெட்டியோடு வாங்கும்போது கழிக்கும் வேலையும் சரி, அந்த நட்டமும் சரி, உங்கள் வீட்டுக்கு வந்துவிடுகின்றன. விலை குறைவதற்கு இது முக்கியமான காரணம்.

கணக்கு எளிது. 25 சதவீதம் குறைந்த விலையில் 10 கிலோ வாங்கினால், கடையில் ஏழரைக் கிலோவுக்கு ஆகும் பணம்தான் ஆகும். அதில் இரண்டரைக் கிலோ குப்பைக்குப் போனால் நீங்கள் சாப்பிட்டதும் ஏழரைக் கிலோதான். மிச்சம் ஒன்றுமே இல்லை! ஆகவே தள்ளுபடி எத்தனை சதவீதமோ, வீணாவது அதைவிடக் குறைவாக இருந்தால் மட்டுமே லாபம். முதல் மாதம் தூக்கி எறிவதை எடை போட்டு எழுதி வையுங்கள். உங்களுக்கு இது ஒத்துவருமா என்பதை வேறு எதையும்விட அந்தத் தாள் தெளிவாகச் சொல்லும்.

கட்டணத்தையும் பிரித்துப் பாருங்கள். விலகும்போது திரும்பக் கிடைக்கும் பங்குத்தொகை வேறு, திரும்பாத ஆண்டுச் சந்தா வேறு. சந்தாவை ஆண்டில் எத்தனை முறை வாங்குவீர்களோ அத்தனையால் வகுத்து, ஒவ்வொரு முறையும் செலவில் சேர்த்துக்கொள்ளுங்கள். உறுப்பினர்கள் முறை வைத்து வேலை செய்ய வேண்டுமா, வர முடியாவிட்டால் அபராதம் உண்டா என்பதையும் முன்பே கேட்டுவிடுங்கள். ஆண்டு முடிவில் உபரியைத் திருப்பித் தருகிறார்களா என்பதும் முக்கியம். இங்கிலாந்தின் ராச்டேல் நகரில் 1844இல் 28 பேர் சேர்ந்து தொடங்கிய கூட்டுறவுக் கடை, யார் எவ்வளவு வாங்கினார்களோ அந்த அளவில் லாபத்தைப் பங்கிட்டது. இன்றும் பல கூட்டுறவுகள் அதே முறையைப் பின்பற்றுகின்றன.

அந்தக் கடை முதலில் விற்றவை மாவு, ஓட்ஸ், சர்க்கரை, வெண்ணெய், மெழுகுவர்த்தி போன்றவை. பெரும்பாலும் சீக்கிரம் கெடாத பொருள்கள். உங்களுக்கும் அதையே சொல்வேன். முதலில் வெங்காயம், உருளைக்கிழங்கு, பூசணி, கேரட் வாங்குங்கள். கை பழகிய பிறகு தக்காளி, பீன்ஸ். கீரையைப் பெட்டிக் கணக்கில் வாங்கவே வேண்டாம். மூன்று பேருக்கு அது கட்டுப்படியாகாது.

அப்புறம், சேமித்து வைக்கும் முறை. பணம் மிச்சமாவதும் போவதும் இங்கேதான். பழுக்கும் வாழை, ஆப்பிள், தக்காளி எல்லாம் எத்திலீன் என்ற வாயுவை விடும். பக்கத்தில் வைத்த கீரை அதனால் சீக்கிரம் மஞ்சளாகும். ஆகவே பழங்களைத் தனியே வையுங்கள். உருளைக்கிழங்கு இருட்டான, காற்றோட்டமான இடத்தில் இருக்கட்டும். வெளிச்சம் பட்டால் பச்சை நிறமாகிக் கசக்கும், ஃபிரிட்ஜில் வைத்தால் மாவுச்சத்து சர்க்கரையாக மாறிச் சுவை கெடும். வெங்காயத்தை அதோடு கலந்து வைக்காதீர்கள். பழுக்காத தக்காளியையும் ஃபிரிட்ஜில் வைக்கக் கூடாது, குளிரில் அது சரியாகப் பழுக்காது. கீரையைக் கழுவாமல், ஈரம் துடைத்து, துணியில் சுற்றி வைத்தால் சில நாள் கூடுதலாகத் தாங்கும். பீன்ஸ், கேரட் மிஞ்சினால் நறுக்கிக் கொதிநீரில் இரண்டு மூன்று நிமிடம் போட்டு, உடனே ஐஸ் தண்ணீரில் ஆறவைத்து, நீரை வடித்து ஃபிரீசரில் வையுங்கள். அந்தச் சூடுதான் நிறத்தையும் சுவையையும் கெடுக்கும் நொதிகளை அடக்குகிறது. அதைத் தவிர்த்துவிட்டு நேரடியாக உறையவைத்தால் கொஞ்ச நாளில் சுவை போய்விடும்.

மூன்று பேர் என்பதால் ஒரு முழுப் பங்கு உங்களுக்கு அதிகம். பக்கத்து வீட்டோடு சேர்ந்து ஒரு பங்கை இரண்டாகப் பிரித்துக்கொள்ள அனுமதி கேளுங்கள். சரக்கு வந்த உடனே தராசில் நிறுத்துப் பிரிப்பது நல்லது, கண்ணளவில் பிரித்தால் மனக்கசப்புதான் வரும். எந்த வீடு முதலில் பொறுக்கி எடுப்பது என்பதை வாரந்தோறும் மாற்றிக்கொள்ளுங்கள். அழுகல் இருந்தால் எத்தனை மணி நேரத்துக்குள் சொன்னால் பணம் திரும்பும் என்பதைச் சேரும் நாளன்றே கேட்டு, எழுத்தில் வாங்கி வையுங்கள்.