எட்டாம் எண் ஊசியும் தலையில் ஏறாத குல்லாவும்

கேள்வி: ஊட்டியில் இருக்கிறோம். மார்கழி, தை விடியற்காலைக் குளிருக்கு அப்பாவுக்கு ஒரு கம்பளிக் குல்லா பின்னித் தர ஆசை. ஓர் அமெரிக்க வீடியோவில் சொன்னபடியே 8-ஆம் எண் ஊசி வாங்கி, 90 கண்ணி (ஊசியில் ஏறும் நூல் வளையம்) ஏற்றிப் பின்னினேன். அப்பாவின் தலைச் சுற்றளவு 56 செ.மீ. ஆனால் குல்லா என் நான்கு வயது மகனுக்கே இறுக்கமாக இருக்கிறது. என் கை இறுக்கம்தான் காரணமா? முதலிலிருந்து எப்படிச் செய்வது?

பதில்: கையைக் குறை சொல்லும் முன் ஊசியைப் பாருங்கள். நம் ஊர்க் கடைகளில் பின்னல் ஊசிக்குப் பழைய பிரிட்டிஷ் எண்ணே இன்னும் புழங்குகிறது. அதில் எண் கூடக் கூட ஊசி மெலியும்: 10 என்றால் 3.25 மி.மீ., 9 என்றால் 3.75, 8 என்றால் 4, 6 என்றால் 5 மி.மீ. அமெரிக்க எண் இதற்கு நேர் தலைகீழ். அங்கே 6-தான் 4 மி.மீ., 8 என்பது 5 மி.மீ. (இரண்டும் ஒத்துப்போவது 7-இல் மட்டும், அது இங்கேயும் அங்கேயும் 4.5.) வீடியோவில் இருந்தவர் 5 மி.மீ. ஊசியில் பின்னியிருப்பார், உங்கள் கையில் இருந்தது 4 மி.மீ. நடுத்தரத் தடிமன் நூலை 5 மி.மீ. ஊசியில் பின்னினால் 10 செ.மீ. அகலத்துக்கு 18 கண்ணி அளவில் வரும். 4 மி.மீ. ஊசியில் அது 22 வரை நெருங்கும். 90 கண்ணியை 18-ஆல் வகுத்தால் 50 செ.மீ. சுற்றளவு, 22-ஆல் வகுத்தால் 41 செ.மீ. அந்த ஒன்பது செ.மீ. போன வழி இதுதான். இனி ஊசி வாங்கும்போது எண்ணைக் கேட்காமல், ஊசியின் தலையிலோ அட்டையிலோ இருக்கும் மி.மீ. அளவைப் பாருங்கள்.

நூலிலும் இதே குழப்பம் உண்டு. இங்கே '4 ப்ளை' (ப்ளை என்றால் இழை) என்று விற்பதும் பிரிட்டிஷ் குறிப்புகளில் வரும் 4 ப்ளையும் ஒரே தடிமன் என்று நம்பாதீர்கள். அவர்கள் சொல்வது 3.25 மி.மீ. ஊசிக்கான மெல்லிய நூல். லேபிளில் 4.5 முதல் 5 மி.மீ. ஊசி என்று போட்டிருக்கும் நூலாக 100 கிராம் வாங்குங்கள். நீளம் 180 – 200 மீட்டர் இருந்தால் ஒரு குல்லாவுக்குப் போதும். கம்பளி ஈரத்தை உள்வாங்கிக்கொண்டும் சூடு தரும், நன்றாக இழுபட்டுத் திரும்பும். நெற்றியில் குத்துகிறது என்பவர்களுக்கு மென்மையான அக்ரிலிக் சரிப்படும். பருத்தி நூல் வேண்டாம். ஒரு முறை விரிந்தால் திரும்பச் சுருங்காது, குல்லா கண்ணை மறைக்கும். முதல் தடவைக்கு வெளிர் நிறமாக எடுங்கள். கறுப்பு நூலில் கண்ணியை எண்ணுவது பழகிய கைக்கே தொல்லை.

அடுத்தது எல்லாரும் தாண்டிப்போகும் வேலை: மாதிரித் துண்டு. 5 மி.மீ. ஊசியில் 28 கண்ணி ஏற்றி, முன்பக்கம் நிட் (நூலைப் பின்னால் வைத்துப் பின்னும் கண்ணி), பின்பக்கம் பர்ல் (நூலை முன்னால் வைத்துப் பின்னும் கண்ணி) என 12 செ.மீ. உயரத்துக்குப் பின்னி, நனைத்துக் காயவையுங்கள். பிறகு ஓரங்களை விட்டு நடுவில் 10 செ.மீ.க்கு எத்தனை கண்ணி என்று எண்ணுங்கள். 18 வந்தால் கீழே உள்ள கணக்கு அப்படியே பொருந்தும். 20 வந்தால் உங்கள் கை கொஞ்சம் இறுக்கம், 5.5 மி.மீ. ஊசிக்கு மாறுங்கள். 16 வந்தால் 4.5-க்கு இறங்குங்கள். ஊசியை மாற்றினால் போதும். கையைத் தளர்த்திப் பின்ன முயன்றால் பத்து வரிசைக்குள் பழைய கைக்கே திரும்பிவிடுவீர்கள்.

குல்லா தலையைவிடப் பத்தில் ஒரு பங்கு சிறிதாக இருக்க வேண்டும், அப்போதுதான் பிடித்து நிற்கும். 56 செ.மீ. தலைக்கு ஏறக்குறைய 50 செ.மீ., அதாவது 90 கண்ணி. உச்சியை எட்டுப் பாகமாகக் குறுக்கப் போவதால் எட்டால் வகுபடும் எண் தேவை: 88. அதோடு மூட்டுத் தையலுக்கு ஓரத்துக்கு ஒன்றாக இரண்டு. ஆக, நீங்கள் ஏற்றிய 90 சரியான எண்தான்!

முதல் குல்லாவை இரண்டு நேர் ஊசிகளில் தட்டையாகப் பின்னி, பின்னால் மூட்டுவதே நல்லது. வட்ட ஊசியில் தையல் இல்லாமல் வரும் என்பது உண்மை. ஆனால் அதற்கு 40 செ.மீ. நீள வட்ட ஊசியும், உச்சி குறுகும்போது இருமுனை ஊசிகள் ஐந்தும் வேண்டும். வட்டத்தை இணைக்கும் நேரத்தில் கண்ணிகள் ஒரே ஒரு முறை முறுக்கிக்கொண்டாலும் பிரிப்பதைத் தவிர வழியில்லை. அது இரண்டாவது குல்லாவுக்கு இருக்கட்டும். மங்கி கேப் வேண்டும் என்று அப்பா கேட்டால், மூன்றாவதுக்கு.

கண்ணி ஏற்றும்போது நூலின் வால் பக்கம் 2 மீட்டர் விடுங்கள். கண்ணிக்கு 2 செ.மீ. போகும். இறுக்கமாக ஏற்றிவிட்டால் மேலே எவ்வளவு தளர்வாகப் பின்னினாலும் நெற்றியில் சிவப்புக் கோடு விழும். இரண்டு ஊசிகளைச் சேர்த்துப் பிடித்து அவற்றின் மேல் ஏற்றி, பிறகு ஒன்றை உருவிவிடுங்கள்.

விளிம்பை 4.5 மி.மீ. ஊசியில், இரண்டு நிட் இரண்டு பர்ல் என ரிப்பாக (இழுபடும் நெடுவரிப் பின்னலாக) பின்ன வேண்டும். ரிப் இல்லாவிட்டால் விளிம்பு பாய்போல் சுருண்டுகொள்ளும்.

முன்பக்க வரிசை: 1 நிட், (2 நிட், 2 பர்ல்) 22 முறை, 1 நிட்.
பின்பக்க வரிசை: 1 பர்ல், (2 நிட், 2 பர்ல்) 22 முறை, 1 பர்ல்.

புதியவர்கள் தடுக்கி விழும் இடம் இதுதான். நிட்டிலிருந்து பர்லுக்குப் போகும்போது நூல் இரண்டு ஊசிக்கும் நடுவே முன்னால் வர வேண்டும். திரும்பும்போது அதே வழியில் பின்னால் போக வேண்டும். ஊசியின் மேலாகச் சுற்றிப் போனால் ஒரு கண்ணி கூடி, அடியில் ஓட்டையும் விழும். நான்கு வரிசைக்கு ஒருமுறை எண்ணுங்கள். 90 இல்லையென்றால் அங்கேயே நிறுத்தித் தேடுங்கள்.

ரிப் 5 செ.மீ. வந்ததும் 5 மி.மீ. ஊசிக்கு மாறி, முன்பக்கம் முழுக்க நிட், பின்பக்கம் முழுக்க பர்ல் எனத் தொடருங்கள். கண்ணிகளின் கால்கள் அடியில் ஒன்றையொன்று கத்தரிபோல் வெட்டித் தெரிந்தால், நூலை ஊசியில் எதிர்ப்பக்கமாகச் சுற்றுகிறீர்கள் அல்லது கண்ணியின் பின்காலில் குத்துகிறீர்கள் என்று பொருள். துணி விறைத்து, இழுபடாமல் போகும். கண்ணி நழுவினால் பதற வேண்டாம், முனையில் கொக்கி உள்ள குரோஷா ஊசியால் ஏணிப்படி ஏறுவதுபோல் ஒவ்வொரு குறுக்கு நூலாக இழுத்து மேலே கொண்டுவந்துவிடலாம்.

அடியிலிருந்து மொத்த உயரம் 14 செ.மீ. ஆனதும் உச்சியைக் குறுக்கத் தொடங்குங்கள். காதை மூடி இரட்டையாக மடித்துவிட வேண்டும் என்றால் ரிப்பை 10 செ.மீ. பின்னி, 19-இல் தொடங்குங்கள். நூல் இன்னும் 25 கிராம் கூடுதலாகக் கையில் இருக்கட்டும்.

முதல் குறுக்கு வரிசை, முன்பக்கத்தில்: 1 நிட், (9 நிட், இரண்டு கண்ணி சேர்த்து ஒரு நிட்) 8 முறை, 1 நிட். இப்போது 82 கண்ணி. பின்பக்கம் முழுக்க பர்ல். அடுத்த முன்பக்கத்தில் 9-க்குப் பதில் 8 நிட், அதற்கடுத்து 7, இப்படி 1 நிட் வரை. 74, 66, 58 என்று இறங்கி ஒன்பதாவது குறுக்கு வரிசையில் 18 நிற்கும். ஒரு பர்ல் வரிசைக்குப் பின் எல்லாவற்றையும் இரண்டிரண்டாகச் சேர்த்தால் 9. நூலை 50 செ.மீ. விட்டு வெட்டி, மழுங்கிய கம்பளி ஊசியில் கோத்து, ஒன்பது கண்ணி வழியாகவும் இரண்டு சுற்று விட்டு இறுக்குங்கள்.

அதே நூலால் முன்பக்கம் உங்களைப் பார்த்திருக்க, ஓரக் கண்ணியை அடுத்துத் தெரியும் குறுக்கு நூல்களை இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என எடுத்து மூட்டுங்கள். மடிக்கும் விளிம்பானால் கீழ் 5 செ.மீ.யை மட்டும் உள்பக்கத்திலிருந்து தையுங்கள், மடித்தபின் தையல் மறைந்துவிடும்.

கம்பளியானால் குளிர்ந்த நீரில் கசக்காமல் அலசி, துண்டில் உருட்டிப் பிழிந்து, படுக்கவைத்துக் காயவையுங்கள். வெந்நீரும் கசக்கலும் சேர்ந்தால் இறுகிச் சுருங்கிப் போகும். அக்ரிலிக்கின் மேல் இஸ்திரிப்பெட்டி படவே கூடாது, ஒரே தேய்ப்பில் துவண்டு உயிர் போய்விடும்.

சின்னதாகிப் போன குல்லாவை வீணாக்க வேண்டாம். தையலைப் பிரித்து, கடைசியாகக் கட்டிய உச்சி முனையிலிருந்து நூலை இழுங்கள். கண்ணி ஏற்றிய விளிம்பிலிருந்து இழுத்தால் பிரியாது, சிக்கும். வந்த நூலை நாற்காலி முதுகில் சுற்றி, நான்கு இடத்தில் தளர்வாகக் கட்டி, வெதுவெதுப்பான நீரில் அரை மணி நேரம் ஊறவைத்துத் தொங்கவிட்டால் சுருள் நிமிர்ந்துவிடும். லேபிளில் 5 மி.மீ. என்று இருந்தால் அந்த நூலே அப்பாவின் குல்லாவுக்குப் போதும்.