பெட்டியில் 80 வாட், கையில் எவ்வளவு?

கேள்வி: வீட்டில் நான்கு போன், ஒரு டேப், கல்லூரிக்குப் போகும் மகளின் லேப்டாப். வண்ணார்பேட்டைக் கடையில் இரண்டு சார்ஜர் காட்டினார்கள். ஒன்று 80 வாட், ஆறு போர்ட். இன்னொன்று 65 வாட், மூன்றே போர்ட்; விலையும் கூடுதல். ஆறு போர்ட்தானே லாபம்? அதையே அலுவலகத்துக்கும், மாதம் ஒரு தடவை நெல்லை எக்ஸ்பிரஸில் சென்னை போகும்போதும் கொண்டுபோகலாமா? இரண்டின் லேபிளையும் படமெடுத்து அனுப்பியிருக்கிறேன்.
– பாளையங்கோட்டை வாசகர்

பதில்: லேபிளை அனுப்பியது நல்லதாயிற்று. சார்ஜரின் முதுகில் எறும்பு ஊர்ந்தாற்போல அச்சடித்திருக்கும் அந்த நாலு வரியில் விடை முழுக்க இருக்கிறது.

முதலில் ஆறு போர்ட். சி போர்ட் (சின்ன நீள்வட்ட வாய்) ஒன்று, 20 வாட். ஏ போர்ட் (பழைய செவ்வக வாய்) ஐந்து, ஒவ்வொன்றும் 5 வோல்ட், 2.4 ஆம்பியர். வோல்ட்டை ஆம்பியரால் பெருக்கினால் வாட். ஆக ஒன்றுக்கு 12, ஐந்துக்கு 60, சி-யின் 20-ஐயும் கூட்டினால் 80. பெட்டியில் போட்ட கணக்கு இதுதான். கடைசி வரியைப் படியுங்கள்: 'ஏ போர்ட் மொத்தம் 5 வோல்ட், 8 ஆம்பியர்'. ஐந்தும் சேர்ந்து 40 வாட்டுக்கு மேல் தராது. ஐந்திலும் ஒயரைச் செருகினால் ஒரு போனுக்கு 8 வாட்தான். மகளின் லேப்டாப்புக்கு இது ஆகவே ஆகாது. இதன் சி போர்ட் 9 வோல்ட்டோடு நின்றுவிடுகிறது. லேப்டாப் பெரும்பாலும் 20 வோல்ட் கேட்கும். ஒன்று, 'ஸ்லோ சார்ஜர்' என்று எச்சரிக்கும். இல்லையென்றால் சார்ஜே ஏறாது.

அதற்காக அதை மட்டமான சரக்கு என்று தள்ளவும் முடியாது. 5000 எம்ஏஎச் போன் பேட்டரி என்பது சுமார் 19 வாட்-மணி. 8 வாட்டில் போட்டாலும், வழியில் சூடாகி வீணாவதைக் கழித்து, மூன்று மூன்றரை மணி நேரத்தில் நிறைந்துவிடும். ராத்திரி போட்டுக் காலையில் எடுக்கிற வீட்டுக்கு அது தாராளம். மெதுவாக ஏறினால் சூடும் குறைவு.

இனி 65 வாட். இதில் சி போர்ட் இரண்டு (சி1, சி2), ஏ போர்ட் ஒன்று. சி1-ல் மட்டும் செருகினால் 20 வோல்ட், 3.25 ஆம்பியர், அதாவது முழு 65. சி2-விலும் ஒரு போனைச் செருகினால் 45-ம் 20-மாகப் பிரிகிறது. மூன்றும் நிறைந்தால் சி1-க்கு 45. சி2-வும் ஏ-வும் சேர்ந்து 5 வோல்ட், 3 ஆம்பியர், அதாவது 15 வாட்டைப் பங்கு போட்டுக்கொள்ளும். ஆகவே லேப்டாப் எப்போதும் சி1-ல், அவசரமான போன் சி2-வில், ஏ காலி. ஏ-வில் பழைய புளூடூத் ஹெட்செட் ஒன்றைச் செருகினாலும் சி2 போனின் வேகம் விழுந்துவிடும். 'நேற்று வேகமா ஏறுச்சு, இன்னைக்கு ஏறல' என்ற புகாரில் பாதி இதனால்தான்.

ஒன்றைச் செருகும்போதோ பிடுங்கும்போதோ மற்றவையும் ஓரிரு நொடி நின்று திரும்ப ஏறும். பழுது என்று பயப்பட வேண்டாம். சார்ஜர் யாருக்கு எவ்வளவு என்று மறுபடி பேசி முடிக்கிறது. ஆனால் பேட்டரி இல்லாத வைஃபை ரவுட்டர், டிவி ஸ்டிக் போன்றவற்றை இதில் மாட்டாதீர்கள். ஒவ்வொரு தடவையும் அணைந்து எரியும்.

ஒயர் விஷயத்தில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். சாதாரண சி-டு-சி ஒயர் 3 ஆம்பியர் வரைதான். 20 வோல்ட்டில் அது 60 வாட். முழு 65 வேண்டுமானால், உள்ளே சின்ன சிப் வைத்த 5 ஆம்பியர் ஒயர் வேண்டும். போனுக்கு வந்தால், சாம்சங்கில் 25 வாட் வேகம் கிடைக்க லேபிளில் பிபிஎஸ் (போன் கேட்கிறபடி வோல்ட்டை நுணுக்கமாக மாற்றித் தரும் முறை) என்று, '3.3–11 வோல்ட், 3 ஆம்பியர்' மாதிரி ஒரு வரி இருக்க வேண்டும். ஒப்போ, ஒன்பிளஸ், ரியல்மீ, விவோ வைத்திருந்தால் பெட்டியோடு வந்த சார்ஜரையும் ஒயரையும் தூக்கிப்போடாதீர்கள். அவற்றின் 67, 80 வாட் வேகமெல்லாம் சொந்தச் சார்ஜரில்தான்.

ஆக, 65 வாட்டை வாங்குங்கள். லேப்டாப்புக்கும் பயணத்துக்கும் அது ஒன்றே போதும். மற்ற போன்களுக்கு இருக்கிற சார்ஜர்கள் ஓடட்டும். பின்னால் ஹாலுக்கு ஆறு போர்ட் வாங்கினால், தனி பவர் ஒயரோடு மேஜையில் உட்காரும் வகையாகப் பாருங்கள். கனமான சார்ஜரை நேரே சுவரில் மாட்டினால், பழைய 6 ஆம்பியர் பிளக் பாயிண்டில் பிடிப்பு தளர்ந்து தலை தொங்கும். இடைவெளியில் பொறி பறந்து பாயிண்டே கருகும். அலுவலக மேஜைக்கு 30 வாட், இரண்டு போர்ட் போதும்.

இரட்டைப் பின் சார்ஜரில் போட்டிருக்கும்போது உலோக உடம்புள்ள லேப்டாப்பைத் தடவினால் விரலில் 'சுர்'ரென்று ஓர் ஊறல் தெரியும். மின் இரைச்சலை அடக்க உள்ளே வைத்திருக்கும் கெப்பாசிட்டர் வழியே கசியும் துளி மின்சாரம் அது. நல்ல சார்ஜரில் ஆபத்தில்லை. வெடுக்கென்று அடித்தால் உடனே கழற்றிவிடுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் இடி முழங்கினால் சுவிட்சை அணைப்பது போதாது, பிளக்கையே பிடுங்கி வையுங்கள்.

ரயிலுக்கு: பல பெட்டிகளில் பிளக் பாயிண்ட் மேல் 110 வோல்ட் என்று எழுதியிருக்கும். லேபிளில் '100–240 வோல்ட்' இருந்தால் கவலையில்லை. இரவு 11 முதல் காலை 5 வரை சார்ஜிங் பாயிண்டை அணைத்துவைக்க ரயில்வே அறிவுறுத்தியிருக்கிறது, ஏறியதும் போட்டுவிடுங்கள். இரண்டு மீட்டர் ஒயர் இருந்தால் மேல் பெர்த்துக்கும் எட்டும்.

வாங்குமுன் லேபிளில் 'ஆர்' எழுத்தோடு எட்டு இலக்கப் பதிவு எண் இருக்கிறதா பாருங்கள். இந்தியத் தர நிர்ணய அமைப்பான பிஐஎஸ்-ஸின் 'பிஐஎஸ் கேர்' செயலியில் அதைப் போட்டால் தயாரிப்பாளர் பெயர் வரும், பெட்டியில் உள்ளதோடு ஒத்துப்பார்க்கலாம். மகளின் லேப்டாப்பையும் இரண்டு போனையும் கையோடு கொண்டுபோய், கடையிலேயே மூன்றையும் செருகிப் பத்து நிமிடம் விடுங்கள். லேப்டாப் 'ஸ்லோ' என்று காட்டினாலோ, சார்ஜர் தொட முடியாமல் சுட்டாலோ வேண்டாம். சரியாக இருந்தால், பில்லில் மாடல் எண்ணையும் எழுதித் தரச் சொல்லுங்கள் அண்ணாச்சியிடம். வெறும் 'சார்ஜர் – 1' என்று இருந்தால் வாரண்டிக்குப் போகும்போது வாதாட வேண்டிவரும்.