வெட்டி ஒட்டிய இசை

கேள்வி: 'டாக்டர் ஹூ' என்ற பிரிட்டிஷ் அறிவியல் புனைவு டிவி தொடரின் பழைய முகப்பு இசை எந்த வாத்தியம்?

பதில்: வழக்கமான வாத்தியம் எதுவுமே இல்லை! 1963-ல் ரான் கிரெய்னர் மெட்டை எழுதிக் கொடுத்தார், அப்புறம் பிபிசி ஒலிக்கூடத்தில் டெலியா டெர்பிஷைர், மீட்டிய ஒற்றைக் கம்பியின் ஒலியையும் ஆஸிலேட்டர் என்ற மின்னணுக் கருவி எழுப்பும் ஒலிகளையும் டேப்பில் பதிந்து, வேகத்தை மாற்றி மாற்றி ஸ்வரங்களாக்கி, நாடாவை அங்குலம் அங்குலமாக அளந்து வெட்டி ஒட்டியே முழு இசையையும் உருவாக்கினார். கேட்டு அசந்துபோன கிரெய்னர் இசையமைப்பாளர் என்ற பெயரில் டெலியாவுக்கும் பங்கு தர விரும்பினார், பிபிசி விதி விடவில்லை. திரையில் டெலியாவின் பெயர் வர 2013 ஆனது. எனக்கு அது இன்னும் ஆறவில்லை.

கேள்வி: டீப் பர்ப்பிள் ராக் குழுவின் 'ஸ்மோக் ஆன் தி வாட்டர்' (தண்ணீர் மேல் புகை) பாட்டில் வரும் புகை நிஜமா?

பதில்: நிஜம்தான். 1971 டிசம்பரில், சுவிட்சர்லாந்தின் மான்ட்ரோவில் அமெரிக்க ராக் கலைஞர் ஃபிராங்க் ஜாப்பா கச்சேரியின்போது யாரோ ஃபிளேர் துப்பாக்கியால் (தீப்பொறி சிக்னல் விடும் துப்பாக்கி) சுட, சூதாட்ட விடுதி எரிந்து ஏரி மேல் புகை படர்ந்தது. டீப் பர்ப்பிள் குழு அதை நேரில் பார்த்தது, அதையே பாட்டாக்கியது.