சுருங்கிப்போன ஸ்வெட்டருக்கு யார் பொறுப்பு?

கேள்வி: நான் அண்மையில் பணி ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியை. சிறுவயதில் அம்மாவிடம் கற்ற ஸ்வெட்டர் பின்னலை மீண்டும் தொடங்கி, சனிக்கிழமைகளில் கூடிப் பின்னும் பெண்கள் குழு ஒன்றில் சேர்ந்தேன். டவுன்ஹால் பக்கத்துக் கடையில் நான் வாங்கும் அக்ரிலிக் நூலைப் பார்த்து, "இது பிளாஸ்டிக்தானே, இதில் போய் இவ்வளவு உழைப்பைக் கொட்டுகிறீர்களே" என்று அங்கே சிலர் சொன்னது மனத்தில் தைத்துவிட்டது. அதன்பின் மெரினோ என்ற விலை உயர்ந்த செம்மறி ஆட்டுக் கம்பளி நூலை வரவழைத்து, பெங்களூரில் இருக்கும் ஒரு வயதுப் பேத்திக்கு ஸ்வெட்டர் பின்னி அனுப்பினேன். மருமகள் அதை வாஷிங் மெஷினில் போட்டதில் பாதி அளவுக்குச் சுருங்கி, அட்டையாகிவிட்டது. அவள்மேல் எனக்குக் கோபம் தீரவில்லை. இதற்கிடையே பீரோவில் 12 கிலோ நூல் சேர்ந்திருக்கிறது. அதில் பாதிக்கு மேல் என் கணவருக்குத் தெரியாது. ஸ்வெட்டரை மீட்க முடியுமா? குழுவை விட்டு விலகிவிடலாமா?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, கோயம்புத்தூர்

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

அந்த ஸ்வெட்டரை மீட்க முடியாது. செம்மறி ஆட்டு ரோமத்தின் ஒவ்வொரு இழையிலும் நுண்ணிய செதில்கள் ஒரே திசை நோக்கிப் படிந்திருக்கின்றன. வெந்நீரும் சோப்பும் பட்டால் அவை எழும்புகின்றன. மெஷின் போட்டுப் புரட்டும்போது இழைகள் ஒன்றின்மேல் ஒன்று நகர்ந்து, செதிலோடு செதில் கோத்துக்கொண்டு, துணி சுருங்கித் தடித்துவிடுகிறது. தலைக்குப் போடும் கண்டிஷனரைக் கலந்த இளஞ்சூட்டு நீரில் ஊறவைத்து இழுத்துப் பாருங்கள் என்று யாராவது சொல்வார்கள். லேசாகச் சுருங்கிய ஆடைக்கு அது ஓரளவு உதவும், அட்டையாகிப்போனதற்கு உதவாது. ஆனால் இப்படி இறுகிய கம்பளியைக் கத்தரியால் வெட்டினாலும் ஓரம் பிரிந்து வராது என்பதால், சூடான பாத்திரம் பிடிக்கும் துணியாகவோ, குழந்தையின் காலணிக்குள் வைக்கும் மெத்தைத் தாளாகவோ அதை வெட்டிப் பயன்படுத்தலாம்.

கோபத்தைப் பற்றி வெளிப்படையாகச் சொல்கிறேன், வருத்தப்படாதீர்கள்: உங்கள் மருமகள்மீது எனக்குக் குறை காணத் தோன்றவில்லை. நூல் உருண்டையைச் சுற்றியிருந்த காகிதப் பட்டையில் கையால் மட்டுமே துவைக்க வேண்டும் என்ற குறி நிச்சயமாக இருந்திருக்கும். அந்தப் பட்டை உங்கள் வீட்டில் கழன்று உங்கள் வீட்டுக் குப்பைக்கூடைக்குப் போயிற்றே தவிர, பெங்களூருக்குப் போகவில்லை. ஒரு வயதுக் குழந்தை இருக்கும் வீட்டில் ஒரு நாளைக்கு எத்தனை துணி விழுகிறது என்பதை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். பால் கக்கிய சட்டையோடு ஸ்வெட்டரும் மெஷினுக்குள் போவதுதான் அங்கே இயல்பு. பிறருக்குப் பின்னிக் கொடுக்கிறவர்கள், போட்டுக்கொள்பவர் யார் என்று கேட்பதற்கு முன்பே துவைக்கப்போகிறவர் யார் என்று கேட்டுவிட வேண்டும்.

அந்தக் கேள்வியை நீங்கள் கேட்டிருந்தால், உங்கள் குழுவில் சிலர் இகழ்ந்த அதே அக்ரிலிக் நூலைத்தான் எடுத்திருப்பீர்கள். அது சாதாரணத் துவைப்பைத் தாங்கும், விரைவில் உலரும், பூச்சி அரிக்காது, குழந்தை மூன்று மாதத்தில் வளர்ந்துவிட்டதே என்று வயிறு எரியத் தேவையில்லாத விலையில் கிடைக்கும். பெங்களூர் டிசம்பர் காலைக்கு அது தாராளமாகப் போதும். அதற்காக அக்ரிலிக்கின் குறைகளை நான் மறைக்கவில்லை. அது வியர்வையை உறிஞ்சாது. இஸ்திரிப் பெட்டியின் சூடு பட்டால் உருக்குலைந்து துவண்டுபோகும். தீப்பிடித்தால் உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும். ஆகவே அடுப்படியிலும் விளக்கு ஏற்றும் இடத்திலும் அதை அணிந்த குழந்தையை அருகில் விடக் கூடாது. உண்மையான கம்பளியோ தன் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை உள்வாங்கியும் ஈரமாகத் தெரியாது, எளிதில் தீப்பற்றாது, பற்றினாலும் பெரும்பாலும் தானே அணைந்துவிடும். குளிர்நாட்டு மலையேறிகள் அதற்குக் கொடுக்கும் மதிப்பு நியாயமானதே. ஆனால் உங்கள் பேத்தி மலையேறப் போகவில்லை.

இரண்டுக்கும் நடுவில் ஒரு வழியும் உண்டு. மெஷினில் துவைக்கத் தக்கதாகப் பதப்படுத்திய மெரினோ நூலைச் சூப்பர்வாஷ் என்ற பெயரில் விற்கிறார்கள். குளோரின் கொண்டு செதில்களின் கூர்மையைக் கரைத்து, அதன்மேல் மெல்லிய பாலிமர்ப் பூச்சு ஒன்றைக் கொடுப்பதுதான் அந்தப் பதப்படுத்தலின் மிகப் பரவலான முறை. பாலிமர் என்றால் பிளாஸ்டிக் குடும்பம்தான். அடுத்த சனிக்கிழமை இதை நீங்கள் வாய்விட்டுச் சொல்ல வேண்டும் என்று நான் தூண்டவில்லை, தெரிந்து வைத்துக்கொண்டால் போதும். எந்த நூலாக இருந்தாலும் தொடங்குமுன் 15 செ.மீ. சதுரத்தில் ஒரு மாதிரித் துண்டு பின்னி, அதை மருமகளுக்கு அனுப்பி, வழக்கமான துணிகளோடு மெஷினில் போட்டுத் திருப்பி அனுப்பச் சொல்லுங்கள். அதன்பிறகு நடுவிலுள்ள 10 செ.மீ.க்குள் எத்தனை ஸ்டிச் இருக்கிறது என்று எண்ணிக் கணக்குப் போடுங்கள். இதைச் சோம்பலினால் விடுகிறவர்கள் அதிகம். 10 செ.மீ.க்கு 22 ஸ்டிச் என்று நினைத்து 198 ஸ்டிச் போட்டால் 90 செ.மீ. சுற்றளவு வரும், உங்கள் கை கொஞ்சம் தளர்ந்து 20 ஸ்டிச்சாக விழுந்தால் அதே 198 ஸ்டிச் 99 செ.மீ. ஆகிவிடும். இரண்டே இரண்டு ஸ்டிச் வித்தியாசத்தில் உங்களுக்குப் பின்னியது அண்ணனுக்குப் பொருந்தும்.

இனி குழு. விலகாதீர்கள். பின்னல் தெரிந்தவர்கள் ஒரே அறையில் வாரந்தோறும் கூடுவது நம் ஊர்களில் எளிதாக அமைவதில்லை. இடது கைப்பக்கம் எங்கோ ஒரு ஸ்டிச் நழுவி நாலு வரிசை கீழே ஓடிவிட்டது என்றால், கொக்கி முனையுள்ள குரோஷே ஊசியால் அதை ஏணி ஏற்றுவதுபோல் ஒவ்வொரு வரிசையாக மேலே கொண்டுவந்து சேர்க்கும் ஒருத்தி அங்கே நிச்சயம் இருப்பார். அதைக் கண்ணால் பார்த்துக் கற்பதற்கும் படத்தில் பார்ப்பதற்கும் மிகுந்த வேறுபாடு உண்டு. நூலைப் பற்றிச் சொன்னது குழுவில் எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்கள். ஒருவரோ இருவரோ சொன்னதை மொத்தக் குழுவின் தீர்ப்பாக எடுத்துக்கொண்டது நீங்கள்தான் என்று ஊகிக்கிறேன். மறுபடி அந்தப் பேச்சு வந்தால், "மெஷினில் துவைக்க வேண்டும் என்பதால் இதை எடுத்தேன்" என்று ஒரே வரியில் காரணத்தைச் சொல்லிவிட்டு ஊசியைத் தொடருங்கள். காரணத்தோடு வரும் பதிலுக்கு மேல் யாரும் பெரும்பாலும் பேசுவதில்லை. தொடர்ந்து பேசுகிறவர் நூலைப் பற்றிப் பேசவில்லை என்று வைத்துக்கொள்ளலாம்.

வெளிநாட்டிலிருந்து வந்தால்தான் தரம் என்ற எண்ணம் ஊசி விஷயத்திலும் இருக்கிறது. ஆனால் நல்ல ஊசி உங்கள் ஊரிலிருந்து மலை ஏறினால் அடையும் தூரத்திலேயே தயாராகிறது. நீலகிரியில் கேத்தியில் 1949-இல் தொடங்கிய நீடில் இண்டஸ்ட்ரீஸ் ஆலை 'போனி' என்ற பெயரில் விற்கும் ஊசிகளைக் கொண்டு பல நாட்டுப் பெண்கள் பின்னிக்கொண்டிருக்கிறார்கள். ஊசி வாங்கும்போது கவனிக்க வேண்டியது நாட்டை அல்ல, எண்ணை. நம் கடைகளில் பழக்கத்திலுள்ள பழைய பிரிட்டிஷ் கணக்கில் 8-ஆம் நம்பர் என்பது 4 மி.மீ., 10-ஆம் நம்பர் என்பது 3.25 மி.மீ.; எண் ஏற ஏற ஊசி மெலியும். அமெரிக்கக் கணக்கிலோ 8 என்றால் 5 மி.மீ., எண் ஏற ஏறத் தடிக்கும். அமெரிக்காவிலிருந்து வந்த குறிப்பைப் பார்த்துக் கடையில் "எட்டாம் நம்பர் கொடுங்கள்" என்று கேட்பது தகராறை விலைகொடுத்து வாங்குவதாகும். மி.மீ. அளவைச் சொல்லியே கேளுங்கள்.

குழுவின் பேச்சை வேறு பக்கம் திருப்ப நீங்களே ஒரு வேலையை முன்வைக்கலாம். 2016 ஜனவரி இறுதியில் சென்னையில் மதர் இந்தியாஸ் குரோஷே குயின்ஸ் என்ற குழு, பல ஊர்களிலும் வெளிநாடுகளிலும் இருந்த பெண்கள் பின்னிய துண்டுகளை இணைத்து 11,148.5 சதுர மீட்டர் பரப்புள்ள போர்வையை உருவாக்கி கின்னஸ் சாதனை படைத்தது. அவ்வளவு பெரிய வேலை உங்களுக்கு வேண்டாம். பிறந்த குழந்தைகளுக்கான தொப்பிகளை அரசு மருத்துவமனைக்குப் பின்னிக் கொடுப்பது நல்ல தொடக்கம். ஆனால் பின்னுவதற்கு முன்பே அங்கே பிரசவ வார்டுச் செவிலியரிடம் போய், எந்த நூல், எந்த அளவு, எந்த மாதிரித் துவைப்பு என்று கேட்டு வாருங்கள். அவர்கள் சொல்லும் பட்டியலுக்கு முன்னால் மெரினோவா அக்ரிலிக்கா என்ற விவாதம் தானாக அடங்கிவிடும்.

கடைக்கு வருகிறேன். பல கடைகளில் லூதியானாவிலிருந்து வரும் அக்ரிலிக் நூலையும் உல்லன் என்றே கேட்கிறார்கள், உல்லன் என்றே கொடுக்கிறார்கள். ஏமாற்றும் எண்ணம் இல்லாமலே அது நடக்கிறது. பட்டையைப் படியுங்கள். பட்டை இல்லாத நூலென்றால், வீட்டுக்கு வந்ததும் ஒரு விரற்கடை வெட்டி, இடுக்கியால் பிடித்து, தண்ணீர்க் கிண்ணத்தின் மேல் வைத்துக் கொளுத்திப் பாருங்கள். தலைமயிர் கருகும் நாற்றமும் விரலில் தேய்த்தால் பொடியாகும் கரியும் வந்தால் கம்பளி. காகிதம் எரியும் வாசனையும் மென்மையான சாம்பலும் வந்தால் பருத்தி. உருகிச் சொட்டி, ஆறியதும் நசுங்காத கறுப்பு மணியாக இறுகினால் அக்ரிலிக். கலப்பு நூலில் இவை கலந்தே வரும் என்பதால், அங்கே இந்தச் சோதனையை முழுதும் நம்ப வேண்டாம். திருப்பூர் பக்கத்திலிருந்தும் கைப்பின்னலுக்கு நல்ல பருத்தி நூல் கிடைப்பதில்லையே என்று கோவைப் பெண்கள் குறைபடுவதுண்டு. அங்கே பனியனுக்கு ஓடுவது 30-ஆம் நம்பர், 40-ஆம் நம்பர் என்று போகும் மெல்லிய ஒற்றை இழை. கையால் பின்னுவதற்கு அதில் பல இழைகளை ஒன்றாகச் சேர்க்க வேண்டியிருக்கும்.

ஒரே நிறம், ஒரே எண் என்று பார்த்து வாங்கிய நூலிலும் சாயத் தொட்டி மாறினால் வண்ணம் மாறும். பட்டையில் நிற எண்ணுக்குப் பக்கத்தில் அச்சிட்டிருக்கும், எந்தத் தொட்டிச் சாயம் என்பதைக் குறிக்கும் லாட் நம்பரையும் பாருங்கள். கடை விளக்கில் ஒன்றாகத் தெரிவது, மறுநாள் வெயிலில் மார்புக்குக் குறுக்கே ஒரு கோடாகத் தெரியும். ஒரு ஆடைக்குத் தேவையானதை ஒரே லாட்டில் ஒரு உருண்டை கூடுதலாக வாங்குங்கள். பட்டை பிரிக்காத உருண்டையைத் திருப்பி எடுத்துக்கொள்வீர்களா என்று பணம் கொடுக்கும் முன்பே கேட்டு, ரசீதில் ஒரு வார்த்தை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். வழக்கமான வாடிக்கையாளருக்கு மறுக்கும் கடைக்காரர் குறைவு.

அந்த 12 கிலோவைக் கணக்குப் பார்ப்போம். 8 பிளை என்ற நடுத்தரத் தடிமனுள்ள நூலில் பெரியவர் ஸ்வெட்டர் ஒன்றுக்குச் சுமார் அரைக் கிலோ. அப்படியானால் 24 ஸ்வெட்டர். 198 ஸ்டிச் கொண்ட வரிசை, 10 செ.மீ.க்கு 30 வரிசை, 60 செ.மீ. நீளம் என்று வைத்தால் உடல் பகுதி மட்டும் 35,640 ஸ்டிச். நிமிடத்துக்கு 25 ஸ்டிச் என்ற வேகத்தில் அது ஏறத்தாழ 24 மணி நேரம். கைகளும் கழுத்தும் சேர்ந்தால் 36 மணி. 24 ஸ்வெட்டருக்கு 864 மணி. நாளொன்றுக்கு ஒரு மணி நேரம் விடாமல் பின்னினாலும் இரண்டு ஆண்டும் நான்கு மாதமும் ஆகும். இதில் பிரித்துப் பின்னும் நேரம் சேரவில்லை, கோடையில் அக்ரிலிக்கைக் கையில் தொடவே பிடிக்காத மாதங்களும் சேரவில்லை.

இந்தக் கணக்கைக் கணவரிடம் நீங்களே காட்டுங்கள். நூல் வாங்கியது ஒரு குற்றமில்லை, உங்கள் ஓய்வூதியத்தில் வாங்கியிருக்கிறீர்கள். ஒளித்ததுதான் உங்களை உறுத்துகிறது என்று கடிதம் சொல்கிறது. எல்லாவற்றையும் கட்டிலின் மேல் எடுத்துப் போட்டு, இது இன்னாருக்கு, இது இன்ன ஆடைக்கு என்று பிரித்து, யாருக்கும் எதற்கும் என்று சொல்லத் தெரியாத நூலைத் தனியே ஒதுக்குங்கள். அதைத் தொப்பிகளுக்கும் குழுவில் புதிதாகக் கற்பவர்களுக்கும் கொடுத்துவிடலாம். மிச்சம் பாதியாகக் குறையும்வரை கடைக்குப் போனாலும் பார்த்துவிட்டு வாருங்கள், வாங்காதீர்கள்.

மிஞ்சும் மெரினோவைப் பீரோவில் அப்படியே குவித்து வைக்க வேண்டாம். கம்பளியைத் தின்னும் பூச்சி இருட்டிலும் அசையாத இடத்திலும்தான் முட்டையிடும். ஜிப் வைத்த உறையில் காற்றை வெளியேற்றி மூடி, ஃப்ரீஸரில் இரண்டு வாரம் வைத்தெடுத்து, பிறகு இறுக்கமான மூடியுள்ள பெட்டியில் போட்டு, சில மாதங்களுக்கு ஒருமுறை திறந்து உதறுங்கள். வேப்பிலையை மட்டும் நம்பியிருக்க முடியாது. அந்துருண்டையோ வேண்டவே வேண்டாம்: நாப்தலீன் ஏறிய துணி, ஜி6பிடி என்ற என்சைம் குறைபாடுள்ள குழந்தைகளுக்கு ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைத்து மஞ்சள் காமாலையை வரவழைக்கக்கூடும், அந்தக் குறைபாடு இருப்பது பெற்றவர்களுக்கே தெரியாமலும் இருக்கும். அந்துருண்டை போட்ட பெட்டியில் இதுவரை இருந்த நூல் ஏதாவது உண்டென்றால், அதைப் பேத்திக்குப் பின்னாமல் உங்களுக்கே ஒரு சால்வையாகப் பின்னிக்கொள்ளுங்கள்.