ஹைட்ரஜன் கார், பேட்டரி கார்: ஒரே அளவு மின்சாரத்தில் எது அதிக தூரம் ஓடும்?

பேட்டரி கார்தான், கிட்டத்தட்ட மூன்று மடங்கு. செலவழித்த மின்சாரத்தில் எத்தனை பங்கு சக்கரத்தைச் சுழற்றுகிறது என்பதே ஆற்றல் திறன்.

ஹைட்ரஜன் காரிலும் மின் மோட்டார்தான் ஓடுகிறது. இழப்பு அதற்கு முன்னால் நடக்கிறது. தண்ணீரைப் பிரித்து ஒரு கிலோ ஹைட்ரஜன் எடுக்க 50 முதல் 55 யூனிட் மின்சாரம் வேண்டும். அந்தக் கிலோவில் பயன்படும் ஆற்றலோ சுமார் 33 யூனிட். அதை 700 பார் அழுத்தத்தில், அதாவது சாதாரணக் காற்றழுத்தத்தைப்போல் சுமார் 700 மடங்கில், அடைக்க வேண்டும். வேகமாக நிரப்பும்போது டேங்க் சூடேறும் என்பதால் வாயுவை மைனஸ் 40 டிகிரி வரை குளிர்விக்கவும் வேண்டும். இதற்கு இன்னும் சில யூனிட். பிறகு காரில் ஹைட்ரஜனிலிருந்து மின்சாரம் எடுக்கும் கருவியான எரிபொருள் கலம் அந்த ஆற்றலில் பாதியை, மிஞ்சிப்போனால் 60 சதவீதத்தை மின்சாரமாக்கும். மீதி வெப்பமாக ரேடியேட்டர் வழியே போய்விடும். டாலரை யூரோவாக்கி, அதைத் திரும்ப டாலராக்கினால் இரண்டு முறை கமிஷன் போகுமே, அதே கதை.

ஒரு கிலோவில் ஏறக்குறைய 100 கிலோமீட்டர் ஓடலாம். ஆக, அந்த 100 கிலோமீட்டருக்கு 55 யூனிட்டுக்கு மேல் ஆகிறது. பேட்டரி காருக்குச் சார்ஜிங் இழப்பையும் சேர்த்து 20 யூனிட்டுக்குள் முடிந்துவிடும். (இயற்கை எரிவாயுவிலிருந்து எடுக்கும் ஹைட்ரஜனுக்குக் கணக்கு வேறு.) ஐந்து நிமிடத்தில் டேங்க் நிரம்புவது ஹைட்ரஜனின் நிஜமான பலம், ஆனால் அது திறன் அல்ல.

“ஒரு கிலோ ஹைட்ரஜனில் பெட்ரோலைப்போல் மூன்று மடங்கு ஆற்றல், அதனால் இதுதான் சிக்கனம்” என்பார்கள். அது எடைக்கான கணக்கு, அந்தக் கிலோவைத் தயாரிக்க ஆன மின்சாரம் அதில் வராது.