மதிலை ஒட்டிய கோழிக்கூடும் அடுத்த வீட்டுக் கிணறும்

கேள்வி: தக்கலைக்கு அருகே, பேரூராட்சி எல்லைக்குள், 12 சென்ட் இடத்தில் உள்ள வீட்டில் நானும் அம்மாவும் வசிக்கிறோம். நாங்கள் கிறிஸ்தவர்கள். அப்பா உயில் எழுதாமல் ஐந்து ஆண்டுகளுக்கு முன் காலமானார். பட்டா இன்னும் அவர் பெயரில்தான் இருக்கிறது. அண்ணன் வளைகுடா நாட்டில் வேலை பார்க்கிறார். வீட்டின் பின்புறம் 25 நாட்டுக்கோழிகளுக்கு ஒரு கூடு கட்டவும், மீதி இடத்தில் வெண்டை, கத்தரி, பயறு, மரச்சீனி நடவும் எண்ணி, கிழக்கு மதிலை ஒட்டித் தூண்கள் நட்டேன். மதிலுக்கு அப்பால் பத்தடி தூரத்தில் அடுத்த வீட்டுக்காரரின் கிணறு இருக்கிறது. உரிமம் இல்லாமல் கோழி வளர்க்கக் கூடாது என்றும், மதிலே தம் இடத்தில்தான் நிற்கிறது என்றும், இது என் அண்ணனின் சொத்து, எனக்கு இதில் உரிமை இல்லை என்றும் அவர் சொல்கிறார். கூடு கட்டினால் கோழிகளுக்கு விஷம் வைத்துவிடுவதாகவும் மிரட்டுகிறார். அவர் கொடுத்த மனுவின் பேரில் காவல் நிலையத்திலிருந்து என்னைத் தொலைபேசியில் விசாரணைக்கு அழைத்தார்கள். அவருடைய தென்னை ஒன்று எங்கள் தோட்டத்தின் மேல் சாய்ந்து நிற்கிறது. குறிப்பிட்ட எண்ணிக்கைக்குள் கோழி வளர்த்தால் உரிமமே வேண்டாம் என்று ஒரு மலையாளக் காணொளியில் சொன்னார்கள். அது சரியா? நான் என்ன செய்ய வேண்டும்?

பதில்: அன்புள்ள வாசகிக்கு, வீட்டுத் தேவைக்காகத் தம் இடத்தில் சில கோழிகளை வளர்ப்பதைத் தமிழ்நாட்டில் எந்தச் சட்டமும் முற்றாகத் தடை செய்யவில்லை, காய்கறி நடுவதற்கு யாருடைய அனுமதியும் வேண்டியதில்லை. அந்த அளவில் உரிமை உங்கள் பக்கம் இருக்கிறது. ஆனால் நீங்கள் தேர்ந்தெடுத்த இடம் தவறானது. தூண்களைப் பிடுங்கி, கூட்டை மேற்குப் புறமாகவோ உங்கள் வீட்டுக்கு அருகிலோ மாற்றிக்கொள்ளுங்கள் என்பதே என் முதல் ஆலோசனை. அண்டை வீட்டார் மிரட்டியதற்குப் பணிந்து போவதாக இதை எண்ண வேண்டாம். நாளை நீதிமன்றத்தில் உங்கள் நிலை வலுவாக இருக்க வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

இத்தகைய வழக்குகளில் நீதிமன்றம் பார்ப்பது, உங்கள் எல்லைக்குள் நீங்கள் என்ன வைத்திருக்கிறீர்கள் என்பதை விட, எல்லையைத் தாண்டி அடுத்தவர் இடத்துக்கு என்ன போகிறது என்பதைத்தான். நாற்றம், கழிவுநீர், ஈக்கள், ஓசை ஆகியவை அங்கே சாதாரண மனிதர் ஒருவர் நிம்மதியாக வாழ முடியாத அளவுக்குப் போனால் அது தொல்லை எனக் கருதப்படும். தொல்லைக்கு உள்ளானவர் உரிமையியல் நீதிமன்றத்தில் தடையாணையும் இழப்பீடும் கேட்கலாம். அந்த அளவு ஊருக்கு ஊர் மாறும். வீட்டுக்கு வீடு தென்னையும் வாழையும் கோழியும் உள்ள நம் கன்னியாகுமரி மாவட்டத்தில், விடியற்காலையில் சேவல் கூவுகிறது என்பதை மட்டும் வைத்துத் தடையாணை பெறுவது எளிதன்று. கிணற்றின் நிலை வேறு. ஆனி, ஆடியில் ஒரு மழையும் ஐப்பசி, கார்த்திகையில் இன்னொரு மழையும் பெறும் மண் இது. மதிலடியில் குவிந்த எச்சம் மழைநீரோடு இறங்கிப் பத்தடியில் உள்ள கிணற்றைச் சேர்வதற்கு அதிக காலம் ஆகாது. குடிநீர்க் கிணறு கெட்ட பிறகு, நான் கவனமாகத்தான் இருந்தேன் என்ற வாதம் உங்களுக்குப் பெரிதாக உதவாது. நான் உங்கள் எதிர்த்தரப்பு வழக்கறிஞராக இருந்தால், உரிமம், மதில் ஆகிய எல்லாவற்றையும் விட்டுவிட்டு, அந்தக் கிணற்றுத் தண்ணீரின் ஆய்வு அறிக்கையை மட்டுமே நம்பி வழக்குப் போடுவேன்.

ஆகவே கூட்டின் தரையை உயர்த்திச் சிமென்ட் பூசுங்கள்; கூரைத் தண்ணீர் உங்கள் இடத்திலேயே விழும்படி சாய்வு கொடுங்கள்; எச்சத்தை மூடிய குழியில் மக்கவைத்து உங்கள் காய்கறிகளுக்கே உரமாக்குங்கள். கூட்டை அடித்தளம் இல்லாமல், நகர்த்தக்கூடியதாகச் செய்துகொண்டால் கட்டடம் என்ற பேச்சுக்கே இடம் குறையும். கட்டடமாகக் கட்ட விரும்பினால், தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், 2019 வீட்டைச் சுற்றித் திறந்தவெளி விடச் சொல்வதை மனத்தில் கொள்ளுங்கள். மதிலை ஒட்டிய இடம் பெரும்பாலும் அந்தத் திறந்தவெளிக்குள்தான் வரும்.

காணொளியில் கேட்டது கேரளத்துக்குரியது. அங்கே பஞ்சாயத்துகளில் கால்நடைப் பண்ணைகளுக்கு உரிமம் வழங்க 2012ஆம் ஆண்டு முதல் தனி விதிகள் உள்ளன. மாநில எல்லையான களியக்காவிளைக்கு இப்பால் அவை செல்லாது. மொழியாலும் உறவாலும் நமக்கு அந்தப் பக்கத்தோடு நெருக்கம் இருப்பதால் இந்த மயக்கம் இங்கே அடிக்கடி வருகிறது. சட்டத்தைப் பொறுத்தவரை 1956 நவம்பர் 1 முதல் நாம் வேறு மாநிலம். உங்கள் பேரூராட்சிக்குப் பொருந்துவது தமிழ்நாடு நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டம், 1998. அது 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. சுகாதாரக் கேடு ஏற்பட்டால் தலையிடும் அதிகாரம் பேரூராட்சிக்கு உண்டு. எத்தனை கோழிகள், எங்கே, எப்படி வைக்கப் போகிறீர்கள் என்று செயல் அலுவலருக்கு ஒரு கடிதம் கொடுத்து ஒப்புகை பெறுங்கள். வீட்டுக் கோழி வளர்ப்பைக் கட்டுப்படுத்தும் தீர்மானமோ துணைவிதியோ பேரூராட்சியில் உள்ளதா என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் 10 ரூபாய் கட்டணத்தில் கேட்டால், 30 நாட்களுக்குள் எழுத்தில் பதில் தர வேண்டும். பெரும் பண்ணைகளுக்காக மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் குடியிருப்பிலிருந்தும் நீர்நிலையிலிருந்தும் விட வேண்டிய தூரத்தை வகுத்திருக்கிறது. அந்த அளவுகள் ஆயிரக்கணக்கில் கோழிகள் வளர்ப்போருக்காக எழுதப்பட்டவை. அவற்றைக் காட்டி 25 கோழிகளை அகற்றச் சொன்னால் நீங்கள் அஞ்ச வேண்டியதில்லை. முட்டையையும் கோழியையும் தொடர்ந்து விற்கத் தொடங்கினால் அது தொழிலாகிவிடும். அப்போது தொழில் உரிமத்தைப் பற்றித் தனியாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்து மதில். இந்தப் பிரச்சினையில் நான் மிகவும் கவலைப்படுவது இதைப் பற்றித்தான். நம் மாவட்டத்தின் பழைய ஆதாரங்கள் (சொத்துப் பத்திரங்கள்) திருவிதாங்கூர் காலத்தில் மலையாளத்தில் எழுதப்பட்டவை; பழைய சர்வே எண்ணுக்கும் ரீசர்வே எண்ணுக்கும் இடையே பரப்பில் வேறுபாடு வருவது உண்டு; அத்துக்கல் (எல்லைக்கல்) எங்கே இருந்தது என்பதை அறிந்த பெரியவர்களும் குறைந்துவருகிறார்கள். ஆகவே மதில் எங்கே நிற்கிறதோ அதுதான் எல்லை என்று நீங்களும் நம்ப வேண்டாம், அவர் வாய்மொழியாகச் சொல்வதையும் ஏற்க வேண்டாம். கல்குளம் வட்ட அலுவலகத்துக்கு இணையவழியாகவோ இ-சேவை மையம் வழியாகவோ விண்ணப்பித்து, கட்டணம் செலுத்தி, நில அளவரைக் கொண்டு அளந்து கல் நாட்டச் செய்யுங்கள். பக்கத்து நில உரிமையாளருக்கு முன்னறிவிப்புக் கொடுத்தே அளக்க வேண்டும் என்பதால், தமக்குத் தெரியாமல் அளந்ததாக அவர் பிறகு சொல்ல முடியாது. பட்டா, புலப்பட (நில அளவு வரைபட) நகல், ஆதாரம் ஆகிய மூன்றையும் அன்று கையில் வைத்திருங்கள். அளந்த பிறகும் அவர் ஏற்காவிட்டால், உரிமையியல் வழக்கில் நீதிமன்றமே வழக்கறிஞர் ஆணையரை அமர்த்தி, அளவர் துணையுடன் இடத்தை அளந்து அறிக்கை பெறும். அளப்பதற்கு முன் மதிலில் கூட்டின் ஒரு மரச்சட்டத்தைக்கூடப் பொருத்தாதீர்கள். மதில் அரை அடி அவர் இடத்தில் நின்றது எனத் தெரியவந்தால், கோழித் தகராறாக இருந்தது ஆக்கிரமிப்பு வழக்காக மாறிவிடும்.

சொத்து அண்ணனுக்குரியது என்று அவர் சொல்வது சட்டப்படி தவறு. திருவிதாங்கூர் கிறிஸ்தவ வாரிசுரிமைச் சட்டம், 1916 மகள்களுக்கு மகன்களோடு சம பங்கு தரவில்லை. அந்த நினைவு நம் ஊர்களில் இன்னும் பலர் மனத்தில் தங்கியிருக்கிறது. ஆனால் மேரி ராய் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1986இல், இந்திய வாரிசுரிமைச் சட்டம், 1925தான் பொருந்தும் என்று தீர்ப்பளித்துவிட்டது. அதன்படி, உயில் இல்லாமல் இறந்த உங்கள் தந்தையின் சொத்தில் அம்மாவுக்கு மூன்றில் ஒரு பங்கு. மீதி மூன்றில் இரண்டு பங்கு உங்களுக்கும் அண்ணனுக்கும் சமமாகப் பிரியும். அதாவது மூவருக்கும் ஆளுக்கு மூன்றில் ஒரு பங்கு. கூட்டுரிமையாளர் என்ற முறையில் இடத்தைப் பயன்படுத்த உங்களுக்கு முழு உரிமை உண்டு. பாகம் பிரிவதற்கு முன் நிலையான கட்டுமானம் எழுப்புவதுதான் பின்னால் உறவில் கசப்பை உண்டாக்கும். அண்ணனிடமிருந்து கையொப்பமிட்ட சம்மதக் கடிதம் ஒன்றை இப்போதே வாங்கிவையுங்கள். வாரிசுச் சான்றிதழ் பெற்றுப் பட்டாவை மூவர் பெயருக்கும் மாற்றுவதை இனியும் தள்ளிப்போட வேண்டாம்.

காவல் நிலைய அழைப்பைப் பற்றி: எல்லைத் தகராறையும் தொல்லை வழக்கையும் தீர்க்கும் அதிகாரம் காவல் துறைக்கு இல்லை. பொதுத் தொல்லை என்றே எடுத்துக்கொண்டாலும், தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதா பிரிவு 292இன்கீழ் அதற்கு உள்ள தண்டனை 1000 ரூபாய் வரையிலான அபராதம்தான். குற்றவியல் நடுவரின் உத்தரவு இல்லாமல் காவல் அலுவலர் அதைப் புலன் விசாரிக்க முடியாது. மேலும், புலன் விசாரணையில் சாட்சியாக அழைக்கப்படும் பெண்ணை அவர் வசிக்கும் இடத்தில்தான் விசாரிக்க வேண்டும், வேறெங்கும் வரக் கட்டாயப்படுத்தக் கூடாது என்கிறது குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா பிரிவு 179. அழைப்பைப் புறக்கணிக்காதீர்கள், எழுத்தில் அழைப்பாணை தரும்படி மரியாதையாகக் கேளுங்கள், உங்கள் விளக்கத்தையும் எழுத்திலேயே கொடுத்து நகலில் ஒப்புகை பெறுங்கள். கூட்டை அகற்றுகிறேன் என்று எந்தத் தாளிலும் அங்கே கையெழுத்துப் போட வேண்டாம்.

சுரக்ஷா சன்ஹிதாவின் பிரிவு 152இன்படி தொல்லையை அகற்ற உத்தரவிடும் அதிகாரம் உங்கள் பகுதியில் பத்மநாபபுரம் சார் ஆட்சியருக்கு உண்டு. பொதுமக்களுக்கு உண்டாகும் தொல்லைக்குத்தான் அந்த வழி. இரு வீட்டாருக்கு இடையிலான தகராறுக்கு அது உரியதன்று. அதே பிரிவு உங்களுக்கு ஒரு வகையில் துணையாகவும் இருக்கிறது. விழக்கூடிய நிலையில் உள்ள மரத்தால் அக்கம்பக்கத்தில் வசிப்போருக்கு ஆபத்து நேரலாம் என்றால், அதை அகற்றவோ முட்டுக் கொடுக்கவோ மரத்தின் உடைமையாளருக்கு அவர் உத்தரவிடலாம். சாய்ந்த தென்னையின் புகைப்படங்களை எடுத்து, முதலில் அண்டை வீட்டாருக்குப் பதிவுத் தபாலில் ஒரு கடிதம் அனுப்பிவிட்டு, பிறகு சார் ஆட்சியரிடம் மனுக் கொடுங்கள். எல்லை தாண்டி வந்த கிளையை உங்கள் பக்கத்தில் நின்றே, எல்லை வரை மட்டும் வெட்டலாம். வெட்டிய கிளையில் உள்ள காய் அவருக்கே உரியது. தென்னையை நீங்களாக வெட்டக் கூடாது.

விஷம் வைப்பதாகச் சொன்னதை அற்பமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். விலங்கையோ பறவையையோ விஷமிட்டுக் கொன்றால் நியாய சன்ஹிதா பிரிவு 325இன்கீழ் 5 ஆண்டு வரை சிறைத்தண்டனை உண்டு. மிரட்டிய நாள், நேரம், கேட்டவர்கள் யார் என்பவற்றைக் குறித்துவைத்து, எழுத்தில் புகார் கொடுத்து ரசீது பெறுங்கள். கோழிகள் திடீரெனச் செத்தால் உடனே புதைத்துவிடாமல் கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டுசென்று பிரேதப் பரிசோதனைச் சான்று வாங்குங்கள். வெள்ளைக்கழிச்சல் எனும் கோழிக்கழிச்சலும் ஒரே இரவில் கூட்டைக் காலியாக்கும் நோய்தான். சான்று இல்லாமல் விஷம் என்று நிரூபிக்க முடியாது. கால்நடை பராமரிப்புத் துறை பிப்ரவரியில் நடத்தும் கோழிக்கழிச்சல் தடுப்பூசி முகாமில் ஊசி போட்டுக்கொண்ட பதிவு, நோயால் சாகவில்லை என்று காட்டவும் உதவும். பறவைக் காய்ச்சல் என்ற ஐயம் இருந்தால் அதைத் தெரிவிப்பது 2009ஆம் ஆண்டின் விலங்குத் தொற்றுநோய்த் தடுப்புச் சட்டப்படி உங்கள் கடமையும் ஆகும்.

உங்கள் கோழி மதில் தாண்டி அவருடைய நாற்றுகளைக் கிளறினால் இழப்பை ஈடுசெய்யும் பொறுப்பு உங்களுடையது. அதைக் கொல்லும் உரிமை அவருக்கு வந்துவிடாது. 1871ஆம் ஆண்டின் கால்நடை அத்துமீறல் சட்டம் யானை, ஒட்டகம் முதல் ஆட்டுக்குட்டி வரை பட்டியலிடுகிறது. அதில் கோழி இல்லை. கோழிகளைத் தேடிக் கீரியும் மரநாயும் வரும், பயிரைத் தேடி மயில் வரும். இவை வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் காப்பில் உள்ளவை. மயிலைக் கொன்றால் 3 ஆண்டுக்குக் குறையாத சிறை. நெருக்கமான கம்பிவலை போடுங்கள். கண்ணியோ மின்வேலியோ ஒருபோதும் வேண்டாம்.

அவர் உங்களுக்குத் தெரியாமல் வழக்குப் போட்டு ஒருதலைப்பட்சமாக இடைக்காலத் தடை பெறலாம் என்று தோன்றினால், பத்மநாபபுரம் உரிமையியல் நீதிமன்றத்தில் உரிமையியல் நடைமுறைச் சட்டம் பிரிவு 148ஏ-இன்கீழ் கேவியட் மனு தாக்கல் செய்யுங்கள். அது 90 நாட்கள் செல்லும். அதுவரை உங்களைக் கேட்காமல் தடையாணை பிறப்பிக்க மாட்டார்கள். கட்டணத்துக்காகத் தயங்க வேண்டாம்: பெண் என்ற காரணத்தாலேயே, வருமானம் எதுவானாலும், சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டம் பிரிவு 12இன்படி உங்களுக்கு இலவசமாக வழக்கறிஞர் கிடைப்பார். இந்த உதவியை வழங்கும் வட்டச் சட்டப் பணிகள் குழுவில் வழக்குக்கு முந்தைய சமரச மனுவும் கொடுக்கலாம். கூட்டை மாற்றிவிட்டேன், எச்சத்தை இப்படி அகற்றுகிறேன், நீங்கள் தென்னையை அகற்றுங்கள் என்ற உடன்பாட்டுக்கு அவர் இணங்கி, அது மக்கள் நீதிமன்றத்தில் பதிவானால், நீதிமன்றத் தீர்ப்பாணைக்கு இணையானது. அதன்மேல் மேல்முறையீடு இல்லை. நில அளவரின் அறிக்கை கைக்கு வந்தவுடன் அந்த மனுவைக் கொடுங்கள். கூட்டின் வேலையை அதற்குப் பிறகு தொடங்குங்கள்.